ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் முழங்கால்

(தம்புள்ளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாத்தளையிலிருந்தும் நாவுலையிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியர்கள், சந்தையில் கடை வைத்திருக்கும் முதலாளிமார், லொறிச் சாரதிகள், ஓட்டச் சப்பாத்தைக் கழற்றாமலே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார், தங்கைமார் எல்லோரும் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். மலையில் நெடுந்தூரம் ஓடினால் முழங்கால் போய்விடுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகி ஓடுகிறவர்களுக்குப் போகாது. பழகாமல் இறங்குகிறவர்களுக்கும், பழைய காயத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் போகலாம். ஆனால் இந்த ஊரில் முழங்கால் போகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகிறவர்களே அல்லர். அவர்களைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அவர்கள் இந்த நேரத்தில் சந்தையில் லொறி இறக்கிக்கொண்டிருப்பார்கள்; இந்த மண்டபத்துக்கு வர அவர்களுக்கு நேரமில்லை.

மலையும் முழங்காலும் என்றதும் நம் நாட்டில் எல்லோருக்கும் சிவனொளிபாதமலைதான் நினைவுக்கு வரும். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 5,500 படி. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் பருவகாலம். ஏறும்போது எல்லோரும் மூச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்துப் படி, ஒரு நிற்றல். உச்சிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியதும் பேச்சு மாறிவிடும். மூச்சு சீராகத்தான் இருக்கும், கால் நடுங்கும். பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிற அக்காமாரை, ஐயாமாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த நாள் வீட்டு வாசற்படி இறங்கவே யோசிக்க வேண்டியிருக்கும். மலையோட்டம் முழங்காலை என்ன செய்கிறது என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்த அனுபவத்திலேயே இருக்கிறது.

இதே 5,500 படிக் கணக்கில் இந்தியாவில் ஓட்டப் போட்டியே நடக்கிறது. குஜராத்தில் ஜுனாகத் நகரை ஒட்டியிருக்கும் கிர்நார் மலையில், ஜனவரி மாதத்தில். ஆண்கள் அம்பாஜி கோயில் வரை ஏறி இறங்க வேண்டும். பெண்களுக்கு 2,200 படி. முன்னணியில் வருகிறவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறி இறங்கிவிடுகிறார்கள். நாம் ஓர் இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும் வேலை. அந்தப் பிள்ளைகளின் முழங்காலும் நம்முடைய முழங்காலும் ஒரே மாதிரித்தான் அமைந்திருக்கின்றன. அவர்களுடையது ஏன் தாங்குகிறது?

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னால் சிரட்டை. எலும்பும் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் குருத்தெலும்பு என்பார்கள். சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சம் கொலாஜன் நாரும், தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் புரதங்களும். இந்தப் போர்வைக்குள் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இந்த இரண்டு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கும்.

இரத்தம் வராத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது கசியிழையம் நசுங்கி நீரை வெளியே விடுகிறது. காலைத் தூக்கும்போது நீரையும் சத்தையும் திரும்ப உள்ளே எடுக்கிறது. ஆகவே முழங்காலுக்குப் பாரம் தேவை, பாரம் விட்டு விட்டு வருவதும் தேவை. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவருடைய கசியிழையம் நோன்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, நரம்பு இல்லாத இடம் வலிக்காது. ஓடியபின் வரும் வலி பெரும்பாலும் சிரட்டையைச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து, தசைநாண்களிலிருந்து, மூட்டின் உட்சவ்விலிருந்து, கசியிழையத்துக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்து வருகிறது. ‘வலிக்கிறது, ஆகவே தேய்ந்துவிட்டது’ என்ற முடிவுக்கு உடனே போகவேண்டியதில்லை. ‘வலிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி’ என்பதும் அதே அளவுக்குத் தவறு.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கொட்ஷால், கிராம் என்ற இருவர் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சரிக்கக்கூடிய ஓட்டப் பட்டியில் ஆட்களை ஓடவிட்டு, கால் தரையில் மோதும் விசையை அளந்தார்கள். 9 பாகை இறக்கத்தில், சமதரையைவிட மோதும் விசையின் உச்சம் 54 வீதம் கூடியது. முன்னே போகிற உடம்பைத் தடுத்துப் பிடிக்கும் விசை 73 வீதம் கூடியது. ஏற்றத்திலோ மோதல் குறைந்தது. 9 பாகை என்பது நம் ஊர்க் கணக்கில் பெரிய சரிவே இல்லை. தம்புள்ளைக் குகைக் கோயில் படிகள் அதைவிடச் செங்குத்து. பிதுரங்கலப் பாறை ஏற்றத்தின் கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த விசையைத் தாங்குவது யார்? தொடையின் முன்பக்கத் தசை. லொறிச் சாரதிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு ராம்பொடை வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி யாரும் வருவதில்லை. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். மலை இறங்கும் உடம்புக்குத் தொடைத் தசைதான் அந்த எஞ்சின். தசை சுருங்கிக்கொண்டே நீளவேண்டிய வேலை அது. சாதாரண வேலையைவிடத் தசை நார்களை அதிகம் காயப்படுத்துகிற வேலை. தசை களைத்துவிட்டால் பாரம் எங்கே போகும்? சிரட்டைக்குப் பின்னால், மூட்டுக்குள், தசைநாண்களில். சிவனொளிபாதமலையில் கால் நடுங்குவது எஞ்சின் விட்டுக்கொடுப்பதன் அறிகுறி.

அது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று ஆல்ப்ஸ் மலையில் அளந்திருக்கிறார்கள். மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் ஒரு பெரிய மலையோட்டம் நடந்துவருகிறது. அதில் 166 கிலோமீற்றர், ஏற்றம் மட்டும் 9,500 மீற்றர் ஓடி முடித்தவர்களைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் மிய்யேயும் அவருடைய குழுவும் பரிசோதித்து 2011இல் எழுதினார்கள். தொடைத் தசையின் பலம் ஏறத்தாழ 35 வீதம் குறைந்திருந்தது. இரண்டு வாரம் கழிந்தபோது பலம் திரும்பியிருந்தது. இதைவிடச் சுவையான இன்னோர் ஆய்வு இருக்கிறது. இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் 330 கிலோமீற்றர், 24,000 மீற்றர் ஏற்றம் கொண்ட ‘தோர் தெ ஜெயான்’ என்ற ஓட்டம் நடக்கிறது. தூரம் இரண்டு மடங்கு. அதை முடித்தவர்களின் தொடை பலம் 24 வீதம்தான் குறைந்திருந்தது. அதிக தூரம், குறைந்த சேதம்! காரணம் மெதுவாகப் போனதுதான். நாலைந்து நாள் சரியான தூக்கமில்லாமல் ஓடவேண்டும் என்று தெரிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே அடக்கி ஓடினார்கள். எனக்கு இது மிகப் பெரிய பாடமாகத் தெரிகிறது. முழங்காலுக்குக் கிலோமீற்றர் கணக்குத் தெரியாது. வேகமும் அவசரமும் தெரியும்.

சரி, தசை பலம் திரும்பிவிடும். கசியிழையம்? 2009இல் இத்தாலியின் பாரி நகரிலிருந்து நோர்வேயின் வட முனை வரை 64 நாளில் 4,487 கிலோமீற்றர் ஓடும் ஓட்டம் ஒன்று நடந்தது. ஜெர்மனியின் ஊல்ம் நகர மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஒரு பெரிய லொறியில் ஏற்றிக்கொண்டு ஓட்டக்காரர்களுக்குப் பின்னாலேயே போனார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். முதல் 1,500, 2,000 கிலோமீற்றருக்குள் கசியிழையத்தின் உள்ளமைப்பில் சிதைவின் அறிகுறிகள் தெரிந்தன. அதற்குப் பிறகு, ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பெரும்பாலான இடங்களில் அவை குறையத் தொடங்கின. வளர்ந்தவர்களின் கசியிழையத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது என்று மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் படித்துவந்தோம். இந்தப் படங்கள் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டன. சிரட்டைக்குப் பின்னாலுள்ள பகுதி மட்டும் மற்ற இடங்களைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இறக்கத்தில் அதிகம் அடிபடுவதும் அதே பகுதிதான்.

வாழ்நாள் கணக்கு என்ன? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஒன்றுசேர்த்து 2017இல் ஒரு மீளாய்வு வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு ஓட்டத்தைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களில் 3.5 வீதம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 வீதம். போட்டிக்காகவே வாழும் உயர்மட்ட ஓட்டக்காரர்களில் 13.3 வீதம். உட்கார்ந்திருப்பவருக்கும் உலகப் போட்டிக்காரருக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது பாருங்கள். நடுவில் இருப்பவர்தான் தப்பியிருக்கிறார். இந்த எண்களை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். இவர்களில் பெரும்பாலோர் சமதரை வீதிகளில் ஓடியவர்கள். முழங்கால் வலி வந்தவர் ஓட்டத்தை விட்டிருப்பார். அவர் எந்தக் கட்டத்தில் எண்ணப்பட்டார் என்பதும் ஒரு கேள்வி. அப்படியிருந்தும் ஓட்டம் என்றாலே மூட்டுக்கு எதிரி என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன்னால் நிற்காது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் உடல் எடையின் எட்டு மடங்கு அளவு பாரம் ஏறுகிறது, நடக்கும்போது மூன்று மடங்குதான். அப்படியானால் ஓடுகிறவர்களுக்கு ஏன் தேய்வு கூடவில்லை என்ற கேள்வியை மில்லர் என்ற ஆய்வாளர் 2014இல் எடுத்துக்கொண்டார். ஓடுகிறவர் நீண்ட அடி வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் கால் தரையில் இருக்கும் நேரம் குறைவு. ஒரு கிலோமீற்றருக்குக் கூட்டிப் பார்த்தால் நடையும் ஓட்டமும் ஏறக்குறைய ஒரே பாரம்.

பின்வரிசைத் தம்பிமார் எழுதிக்கொள்ள வேண்டிய இடம் இது. மலையோட்டக்காரர்களுக்கு உண்மையில் வருவது என்ன? இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கத்தில் கத்தி குத்துவது போன்ற வலி. தொடையின் வெளிப்புறமாக வரும் நீண்ட பட்டை அங்கே உரசி அழுந்துவதால் வருவது. சிரட்டையைச் சுற்றி மந்தமான வலி. படி இறங்கும்போதும், நீண்டநேரம் பஸ்ஸில் மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் கூடும். இரண்டும் பயிற்சியைக் குறைத்து, இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தினால் ஆறக்கூடியவை. சித்தாலேப களிம்பு பூசுவதிலும் தவறில்லை, ஆறுதல் தரும். பயப்பட வேண்டியது வேறொன்று. இறக்கத்தில் கால் வழுக்கி முழங்கால் முறுகி விழுந்து, உள்ளே பிறைவடிவக் கசியிழையமோ குறுக்குத் தசைநாரோ கிழிவது. அப்படிக் கிழிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுக்குள் மூட்டுத் தேய்வு வந்துவிடுகிறது. இருபது வயதில் விழுந்தவர் நாற்பதில் முதியவரின் முழங்காலோடு நடக்கிறார். விழுந்த அன்றே முழங்கால் வீங்கினால், மடக்கிய கால் நீளாமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது கால் திடீரென்று கைவிட்டால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பதற்கு வழி உண்டா என்றால், உண்டு, அதுவும் செலவில்லாதது. இறக்கத்தைப் பழகவேண்டும். நம் பிள்ளைகள் ஏற்றத்தை மட்டும் பயிற்சி என்று நினைக்கிறார்கள்; இறக்கம் திரும்பி வருகிற வழி, அவ்வளவுதான். உடம்புக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒருதடவை அளவாக இறங்கித் தொடைத் தசை வலித்து ஆறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவுக்குக் காயப்படுத்தாது. கிர்நாரில் ஓடுகிறவர்களின் இரகசியம் இதுதான், பிறவி முழங்கால் அல்ல. ஆகவே பெரிய ஓட்டத்துக்கு முந்திய வாரங்களில் சிறிய சரிவுகளில் இறங்கிப் பழகுங்கள். நீட்டி அடிவைத்துக் குதிக்காதீர்கள். அடியைச் சுருக்கி, முழங்காலைச் சற்று மடித்து, கால் உடம்புக்குக் கீழேயே விழும்படி வைத்து இறங்குங்கள். வயதானவர்கள் ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளக் கூச்சப்படவேண்டாம். செங்குத்தான இறக்கத்தில் இரண்டு கைக்கும் கோல் வைத்து நடந்தால் முழங்கால் பாரம் 12 முதல் 25 வீதம் குறைவதை ஒஸ்திரிய ஆய்வாளர்கள் 1999இலேயே அளந்துவிட்டார்கள். எடையும் அப்படித்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ குறைகிறது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மரதன் ஓட்டம் வைக்கிறீர்கள். ஆண்டு முழுக்க ரியூஷன் வகுப்பில் இருந்த பிள்ளையை ஒரு நாள் காலையில் தார் வீதியில் இறக்கி, இல்லத்துக்குப் புள்ளி வாங்கித் தா என்கிறீர்கள். இது விளையாட்டுக் கல்வி ஆகாது. ஆறு வாரம் படிப்படியாக ஓடவிட முடியாவிட்டால் அந்த ஓட்டத்தை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

மாத்திரை பற்றியும் சொல்லவேண்டும், இந்தப் பகுதியில் கட்டாயம் சொல்லவேண்டும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் வழியில் இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். பாலைவன நெடுந்தூர ஓட்டங்களில் நடத்தி 2017இல் வெளியான பரிசோதனை ஒன்றில், இபுபுரூபன் எடுத்தவர்களில் 52 வீதமானவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 34 வீதமானவர்களுக்கும் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. ஓட்டமும் வெயிலும் நீர் வற்றலும் சேர்ந்தாலே சிறுநீரகத்துக்குச் சுமை. மாத்திரை அதைக் கூட்டுகிறது. நாம் வாழ்வது உலர்வலயத்தின் விளிம்பில். இங்கிருந்து சற்று வடக்கே போனால் வடமத்திய மாகாணம். 1990களிலிருந்து சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களை உலுக்கியது என்று இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முழங்காலைக் காப்பாற்றுகிறேன் என்று சிறுநீரகத்தை அடகு வைக்காதீர்கள். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்றைக்கு ஓட வேண்டாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன, ஓடாமலே முழங்கால் போகிறவர்கள்.

1999இல் தொடங்கிய நமது சந்தையான விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் மரக்கறி வந்து, திரும்ப நாலா பக்கமும் போகிறது. ஒவ்வொரு கோவா மூட்டையும், ஒவ்வொரு உருளைக்கிழங்கு மூட்டையும் சுமை தூக்கும் யாரோ ஒரு நாட்டாமையின் தோளில் ஏறி இறங்கித்தான் போகிறது. மலையோட்டத்தில் முழங்காலைக் கெடுப்பவை என்று இவ்வளவு நேரமும் சொன்னவற்றை இங்கே பொருத்திப் பாருங்கள். பாரத்தோடு குந்தி எழும்புதல், லொறித் தட்டிலிருந்து இறங்குதல், ஈரமான தரையில் வழுக்குதல், களைத்த தசையோடு வேலையைத் தொடர்தல், வலி மாத்திரை. ஓட்டக்காரனுக்கு ஓட்டம் முடிந்தால் இரண்டு வாரம் ஓய்வு. நாட்டாமைக்கு மறுநாள் விடியும்முன்னே அடுத்த லொறி வந்துவிடும்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள் 1991இல் எழுதினார்கள்: முழங்காலை மடித்து, பாரமான வேலை செய்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் முழங்கால் தேய்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஓட்டத்துக்கு எதிராக இவ்வளவு தெளிவான சாட்சியம் இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து ‘முழங்கால் கவனம்’ என்று சொல்கிற நாம், மூட்டை தூக்குகிறவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கூலிக்கு வருகிற வலியை நாம் வேலையின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

2011 டிசம்பரில் மரக்கறியை மூட்டையில் ஏற்றக்கூடாது, பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்றவேண்டும் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தபோது இந்தச் சந்தையில் கிளம்பிய எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். கூடைக்குச் செலவு, லொறியில் இடம் போதாது, திரும்ப எடுத்துவரும் சிரமம் என்று வியாபாரிகள் சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. மரக்கறி நசுங்கிப் பழுதாவதைக் குறைக்கக் கூடை வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வாக்குவாதத்தில் தக்காளி நசுங்குவது பற்றி நிறையப் பேசப்பட்டது. முழங்கால் நசுங்குவது பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கூடை சிறியது, பிடி இருக்கிறது, இரண்டு பேர் தூக்கலாம், தள்ளுவண்டியில் அடுக்கலாம். தூக்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த விதி நல்ல விதி.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்துவிட்டது. முதலாளிமாரே, உங்கள் கடையில் தராசு இருக்கிறது. நாளை விடியற்காலை வரும் மூட்டையை விலைக்காக நிறுக்கும்போது, தூக்குகிறவருக்காகவும் அந்த முள்ளைப் பாருங்கள். 55ஐத் தாண்டினால் அனுப்புகிறவரிடம் சொல்லி இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். பிரிக்கும்வரை இரண்டு பேரைத் தூக்கவிட்டு இருவருக்கும் கூலி கொடுங்கள்.